நிழலில் நிற்கும் தெய்வம்: ரெம்பிராண்டின் 1659ஆம் ஆண்டுச் செப்புத்தகடு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பதினேழாம் நூற்றாண்டில் புராணக் காட்சிகளைச் செப்புத்தகட்டில் வரைந்து அச்சிட்டவர்கள் ஐரோப்பாவெங்கும் இருந்தார்கள். ரோமில் சால்வதோர் ரோசா, நேப்பிள்ஸில் ஹுசேப்பே தெ ரிபேரா, ஜெனோவாவில் பிறந்த காஸ்திலியோனே என்று பெரிய பட்டியலே போடலாம். அவர்கள் எல்லோரையும் விட்டுவிட்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் ஒரு சிறிய தகட்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். உயரம் 14 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அகலம் 20 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு பெண் கைகளைத் தலைக்குப் பின்னால் வைத்து மல்லாந்து உறங்குகிறாள். அவள்மேல் கிடக்கும் துணியை விலக்கி, குனிந்து பார்க்கிறான் ஒருவன். ‘ஜூபிடரும் ஆன்டியோபியும், பெரிய தகடு’ என்பது பட்டியல்கள் கொடுத்திருக்கும் பெயர். இதே பொருளில் 1631ஐ ஒட்டி அவர் செய்த சிறிய தகடு ஒன்றும் இருப்பதால் இந்த அடைமொழி.

இந்தத் தகட்டில் திராவகம், உளி, வெறும் ஊசி ஆகிய மூன்றும் பயன்பட்டிருக்கின்றன. ரெம்பிராண்டிடம் இது அபூர்வமில்லை. 1640களுக்குப் பிறகு அவருடைய பெரும்பாலான தகடுகள் இப்படித்தான். ஆனால் கதையில் யார் வெளிச்சத்தில் இருக்கிறார், யார் இருளிலிருந்து வருகிறார் என்பதைக் கருவிகளே பிரித்துச் சொல்லும் அளவுக்கு வேலைப்பாடு கதையோடு ஒட்டிப்போன இடம் இது. அதனாலேயே தகடு தேயத் தேயக் கதையும் மாறிவிடுகிறது. இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றிப் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

கதையும் அது வந்த வழியும்

ஆன்டியோபி தீப்ஸ் நாட்டு நிக்டியூஸின் மகள். ரோமர்களின் தலைமைத் தெய்வமான ஜூபிடர் சாட்டிர் வடிவம் எடுத்து அவளை அடைந்தான். ஆம்ஃபியான், சீத்தஸ் என்று இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். சாட்டிர் என்பது ஆட்டுக் கொம்பும் ஆட்டுக் காலும் உடைய காட்டு உயிர். ரோமானியக் கவிஞர் ஓவிட் தன் ‘மெட்டமார்ஃபோசிஸ்’ காவியத்தின் ஆறாம் பகுதியில் இதை இரண்டே வரியில் முடித்துவிடுகிறார். அதுவும் நேரடியாகச் சொல்லப்படுவதில்லை. தேவர்கள் பெண்களை ஏமாற்றிய கதைகளை நெசவுக்காரி அராக்னி தன் துணியில் நெய்து காட்டுகிறாள். அந்த வரிசையில் ஆன்டியோபியும் ஒருத்தி. குற்றப்பத்திரிகையின் ஒரு வரி என்றே சொல்லலாம். டச்சு ஓவியர்களுக்கு ஓவிட் அன்றாடப் பழக்கம். காரெல் வான் மாண்டர் 1604இல் வெளியிட்ட ஓவியர் நூலில் ஓவிட் கதைகளுக்கு விளக்கம் எழுதித் தனிப் பகுதியாகவே சேர்த்திருந்தார்.

ஆனால் ரெம்பிராண்டுக்கு இந்தக் காட்சி நூலிலிருந்து வரவில்லை, இன்னொரு அச்சுத்தாளிலிருந்து வந்தது. பொலோன்யா நகரத்து அன்னிபாலே கராச்சி 1592இல் இதே காட்சியைத் திராவகத்தாலும் உளியாலும் செய்திருந்தார். தகட்டின் அளவும் ஏறத்தாழ இதேதான். ரெம்பிராண்ட் 1656 ஜூலையில் நொடித்துப்போனபோது அவருடைய வீட்டுப் பொருள்களுக்குப் பட்டியல் எடுத்தார்கள். அதில் ரஃபேல், ரோஸ்ஸோ, அன்னிபாலே கராச்சி, ஜூலியோ பொனசோனே ஆகியோரின் சிருங்காரக் காட்சிகள் அடங்கிய தொகுப்பு ஒன்று பதிவாகியிருக்கிறது. கலை வரலாற்றில் இவ்வளவு துல்லியமான சான்று அடிக்கடி கிடைப்பதில்லை. 1639இல் 13,000 கில்டர் விலைபேசி வாங்கிய வீடு 1658இல் 11,218 கில்டருக்குப் போயிற்று. சேகரித்து வைத்த அச்சுத்தாள்களும் ஏலம் போயின. ரெம்பிராண்ட் ரோசன்கிராக்ட் பகுதியில் வாடகை வீட்டுக்குக் குடிபோனார்.

தகட்டில் உள்ள தேதி 1659. கராச்சியின் தாள் அடங்கிய தொகுப்பு கையைவிட்டுப் போன பிறகு இந்த வேலை நடந்திருக்கிறது. எங்கேனும் வேறு படி பார்க்கக் கிடைத்திருக்கலாம். ஆனால் ரெம்பிராண்ட் வைத்துக்கொண்டதையும் விட்டுவிட்டதையும் கவனித்தால், நினைவில் தங்கிய ஒன்றைத் திரும்ப வரைந்தது போலவே எனக்குப் படுகிறது. உறங்கும் உடலும், துணியை விலக்கும் சாட்டிரும் தங்கியிருக்கின்றன. கராச்சி அக்கறையாக வரைந்த மரமும் வெளியும் போய்விட்டன. காடு போனதும் காட்சி படுக்கையறைக்குள் வந்துவிடுகிறது. பெண் இப்போது புராணத்து நங்கையாக இல்லை, வாயைச் சற்றே திறந்து அசந்து தூங்கும் ஒருத்தி.

தகட்டில் நடப்பது என்ன

திராவகச் செதுக்கு என்பதன் அடிப்படை எளியது. அடித்துத் தட்டி மெருகேற்றிய செப்புத்தகட்டைச் சூடாக்கி, அதன்மேல் மெழுகுப் பூச்சு ஒன்றைப் பரப்புகிறார்கள். தேன்மெழுகு, மாஸ்டிக் பிசின், நிலக்கீல் ஆகியவை அதில் சேரும். ‘ரெம்பிராண்டின் பூச்சு’ என்ற பெயரிலேயே ஒரு பக்குவம் 1660ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆங்கிலக் கையெழுத்துச் சுவடி ஒன்றில் இருக்கிறது. அதிலும் இதே பொருள்கள்தான். அவர் உயிரோடு இருக்கும்போதே, கடலுக்கு அப்பால் இருந்தவர்கள் அவருடைய பூச்சின் இரகசியத்தைத் தேடியிருக்கிறார்கள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. அவர்கள் தேடியதில் நியாயம் இருக்கிறது. பூச்சு இளக்கமாக இருந்தால்தான் ஊசி காகிதத்தில் பேனா ஓடுவதுபோல் எந்தத் திசையிலும் தடையில்லாமல் ஓடும்.

ஊசி செம்பைக் கீறுவதில்லை. பூச்சை மட்டும் விலக்கிச் செம்பைத் திறந்து வைக்கிறது. திறந்த இடத்தைத் திராவகம் அரிக்கிறது. வெடியுப்பையும் அன்னபேதியையும் சேர்த்து வடித்த திராவகம் வேகமாகத் தின்னும். செம்பின் மேல் குமிழிகள் எழும். குமிழிகளை ஒரு பறவை இறகால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். குமிழி உட்கார்ந்த இடத்தில் திராவகம் படாது, கோடு அங்கே விட்டுவிட்டு வரும். பாரிசில் ஆபிரகாம் போஸ் 1645இல் அச்சிட்ட கையேடு, இதைவிடச் சாதுவான கரைசல் ஒன்றையும் சொல்கிறது. காடி, உப்பு, நவச்சாரம், செம்பின் களிம்பு ஆகியவற்றைக் காய்ச்சிச் செய்வது. அது மெதுவாக வேலை செய்யும், கோட்டின் விளிம்பு சுத்தமாக இருக்கும்.

மெல்லிய கோடும் அழுத்தமான கோடும் ஒரே ஊசியால் வருவது எப்படி என்று பலர் கேட்பார்கள். ஊசியை அழுத்திப் பிடிப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நேரம்தான் வேறுபாட்டைத் தருகிறது. கொஞ்ச நேரம் அரிக்கவிட்டு, தகட்டை எடுத்துக் கழுவி, மெல்லியதாகவே நிற்க வேண்டிய கோடுகளை வார்னிஷால் அடைத்துவிட்டு, மிச்சத்தை மறுபடி திராவகத்துக்குக் கொடுக்கிறார்கள். இப்படி இரண்டு மூன்று தடவை போனால் ஒரே ஊசியின் வேலையில் இலேசான சாம்பல் முதல் கனத்த கறுப்பு வரை கிடைத்துவிடும். கோடுகளை மிக நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் போட்டால் இன்னோர் ஆபத்து. இரண்டு பள்ளங்களுக்கு இடையே நிற்கும் மெல்லிய சுவரைத் திராவகம் பக்கவாட்டில் தின்று சாய்த்துவிடும். அப்புறம் மையைப் பிடித்து வைக்க விளிம்பு இருக்காது. கறுப்பு வர வேண்டிய இடத்தில் சோகை பிடித்த சாம்பல் திட்டு வரும். திராவகத்தைக் கொண்டு மட்டும் ஆழ்ந்த இருளை உண்டாக்குவது அதனால்தான் கடினம்.

உளி வேறு சாதி. கைப்பிடி உள்ளங்கையில் அமர, கூர்முனை செம்பைத் தள்ளிக்கொண்டு போகும். செம்பு சுருள் சுருளாக வெளியே வரும். உளிக்கோடு மெலிந்து தொடங்கி நடுவில் பருத்து மறுபடி மெலிந்து முடியும். திராவகக் கோடு இரு முனையிலும் மழுங்கலாக, ஏறத்தாழ ஒரே பருமனில் நிற்கும். ஒரு லென்ஸும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் யாரும் இந்த இரண்டையும் பிரித்தறியலாம்.

மூன்றாவது, பூச்சும் திராவகமும் இல்லாமல் ஊசியால் செம்பையே நேராகக் கீறுவது. உலர் ஊசி என்று அதை அழைக்கலாம். ஏர் போன சாலில் இரு பக்கமும் மண் ஏறி நிற்கிறதே, அதுபோல கீறலின் ஓரத்தில் செம்பு பிசிறாக எழுந்து நிற்கும். கீறல் ஆழமில்லாதது, அது பிடிக்கும் மை குறைவு. மையைப் பிடிப்பது பிசிறுதான். அச்சில் அந்தக் கோடு வெல்வெட் துணியின் ஓரம்போல் மங்கிப் பரவிய கறுப்பாக விழும். இப்படிப்பட்ட இருள் வேறெந்த முறையிலும் வராது. ஆனால் பிசிறு உறுதியானதல்ல. ஒவ்வொரு படிக்கும் மையைத் துணியால் துடைக்கிறார்கள், உருளை அழுத்துகிறது. சில பத்துப் படிகளுக்குள் பிசிறு மடங்கி ஒடிந்து போய்விடும்.

பிரெஞ்சுச் செதுக்கர் ஜாக் காலோவின் வழியைப் பின்பற்றிய போஸ், திராவகக் கோடு உளிக்கோடு போலவே தோன்ற வேண்டும் என்று விரும்பினார். கெட்டியான வார்னிஷ், சாய்வாக வெட்டிய முனையுள்ள ஊசி, பருத்து மெலியும் ஒழுங்கான கோடு என்று அவருடைய இலட்சியம் அந்தத் திசையில் போயிற்று. அந்த வழியில் மிக நேர்த்தியான தகடுகள் வந்தன, குறை சொல்ல ஒன்றுமில்லை. ரெம்பிராண்ட் எதிர்த் திசையில் போனவர். ஒவ்வொரு கருவியும் அதனதன் குணத்தோடு தெரிய வேண்டும் என்று விட்டவர்.

வெளிச்சத்துக்கு ஒரு கை, இருளுக்கு ஒரு கை

இப்போது தகட்டுக்குத் திரும்பலாம். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் ஒரு படி இருக்கிறது. அதன் நிழற்படத்தை இணையத்தில் நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது.

ஆன்டியோபியின் உடலில் முதலில் கண்ணில் படுவது வெற்றிடம். மார்பும் வயிறும் பெரும்பாலும் வெறும் காகிதம். உடலின் வளைவுகளைச் சுற்றி மட்டும் மெல்லிய இணைகோடுகள் சில. அவை உடலைச் சுற்றி வளையாமல் பெரும்பாலும் நேராகவே போகின்றன. இளவயதில், 1631 வாக்கில், அவர் செய்த நிர்வாணப் பெண்களை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். ‘நீராடும் டயானா’வும் மேட்டில் அமர்ந்த பெண்ணும் தோலின் ஒவ்வொரு மடிப்புக்கும் பள்ளத்துக்கும் குட்டிக் குட்டிக் கோடுகளாக நிறைந்தவர்கள். ஆந்திரீஸ் பெல்ஸ் என்ற டச்சுக் கவிஞர் 1681இல் இந்தப் பெண்களைக் கடிந்து எழுதினார்: கிரேக்க வீனஸை மாதிரியாகக் கொள்ளாமல் துணி வெளுப்பவளையும் கரிமண் மிதிப்பவளையும் எடுத்துக்கொண்டார் என்று. பெல்ஸின் கோபம் வர்க்கத்தின் கோபம். அவர் கண்ணுக்குத் தப்பாகப் பட்டதே எனக்கு அந்தத் தகடுகளின் பெருமையாகப் படுகிறது. ஆனால் அந்த வயதில் ரெம்பிராண்ட் எல்லாவற்றையும் கோட்டாலேயே சொல்லப் பார்த்தார் என்பது உண்மை. இருபத்தெட்டு ஆண்டு கழித்து, சொல்லாமல் விட்ட இடத்தில் உடலின் கனம் இருக்கிறது. தூக்கத்தின் பாரம் அந்த வெற்றுக் காகிதத்தில் தெரிகிறது.

சாட்டிரோ நிழலுக்குள் நிற்கிறான். அவனைச் சுற்றிப் பின்னணி முழுக்க அடர்ந்த கோடுகள். திராவகத்தால் முதலில் அடித்தளம் போட்டு, அதன்மேல் உளியும் உலர் ஊசியும் வந்து அழுத்தியிருக்கின்றன. திராவகம் மட்டும் எட்ட முடியாத கறுப்பு இது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதைப் பிசிறு கொண்டு எட்டியிருக்கிறார். நல்ல படியில் அவனுடைய முகமும் உடலும் இருளின் ஒரு பகுதியாகவே தோன்றும். பார்வை முதலில் பெண்ணின் மேல் விழுந்து, பிறகுதான் அவன் அங்கே இருப்பதைக் கண்டுகொள்ளும். அந்தத் தாமதம் மிக முக்கியமானது. ஆன்டியோபிக்கு அவன் வந்தது தெரியாது. பார்ப்பவருக்கும் ஒரு கணம் தெரிவதில்லை.

உறங்கும் பெண்ணை ஆண் பார்க்கும் காட்சிகள் அந்தக் காலத்துச் சந்தையில் எளிதாக விற்பனையானவை. ரெம்பிராண்டும் விற்பனைக்காகவே தகடு போட்டார், அதுவும் கடன்காரர்கள் வாசலில் நின்ற காலத்தில். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் கராச்சியின் வெயில் படிந்த காட்டுக் காட்சி கண்ணுக்கு விருந்தாக அமைந்திருக்க, ரெம்பிராண்டின் தாளில் ஏதோ நெருடுகிறது. வெளிச்சத்தில் இருப்பவள் காப்பற்றவள், இருளில் இருப்பவன் தெய்வம். அராக்னி நெய்த வரிசையில் இந்தக் கதை ஏன் இருக்கிறது என்பதை ஓவிட்டைப் படிக்காதவர்களும் இந்தத் தாளில் உணர்ந்துகொள்ள முடியும். இந்த உணர்வை முகபாவத்தாலோ கைச் சைகையாலோ அவர் கொண்டுவரவில்லை. எந்த இடத்துக்கு எந்தக் கருவி என்று முடிவு செய்ததில்தான் அது வந்தது.

இதற்கு முந்தைய ஆண்டு அவர் செய்த ஒரு தகடு இந்த முடிவுக்கு ஒத்திகை மாதிரி. முதுகு காட்டிப் படுத்திருக்கும் பெண், 1658, உயரம் 8 சென்டிமீட்டர்தான். அங்கே உடல் முழுவதும் இருளில் மூழ்கியிருக்கிறது. தோளிலும் இடுப்பிலும் மட்டும் வெளிச்சம் தொட்டுப் போகிறது. மாடலின் தோல்நிறம் கறுப்பு என்று நினைத்துப் பிற்காலத்தார் அந்தத் தகட்டுக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டார்கள். உண்மையில் அது அறையின் இருள். இருளை எவ்வளவு தூரம் உடலின் மேல் ஏற்றலாம் என்று அங்கே சோதித்துப் பார்த்தவர், 1659இல் அதைப் பெண்ணின் மேலிருந்து எடுத்து அவளை நோக்கி வருபவனின் மேல் போட்டிருக்கிறார்.

படிக்குப் படி மாறும் கதை

செதுக்கி முடித்தால் வேலை பாதிதான். தகட்டைச் சூடாக்கி மையை அழுத்தித் தேய்த்துப் பள்ளங்களுக்குள் புகுத்த வேண்டும். மேற்பரப்பில் உள்ள மையை முதலில் துணியாலும் பிறகு சுண்ணப்பொடி தொட்ட உள்ளங்கையாலும் துடைக்க வேண்டும். ஈரப்படுத்திய காகிதத்தைத் தகட்டின்மேல் விரித்து, கம்பளித் துணி போர்த்தி, இரண்டு உருளைகளுக்கு இடையே தள்ள வேண்டும். துடைப்பவரின் கை இதில் பெரும் அதிகாரம் செலுத்துகிறது. மேற்பரப்பில் கொஞ்சம் மையை வேண்டுமென்றே விட்டுவைத்தால் தாள் முழுவதும் மங்கல் கூடும். ரெம்பிராண்ட் தானே நின்று இதைச் செய்தார். ஒரே தகட்டிலிருந்து பகலும் மாலையும் எடுத்தவர் அவர். 1640களின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானியக் காகிதத்தையும் அடிக்கடி பயன்படுத்தினார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் வந்த அந்தக் காகிதம் இளமஞ்சளாக, மிருதுவாக இருக்கும். மையை எளிதில் ஏற்றுக்கொள்ளும், பிசிறுக்கும் இதமானது.

இங்கேதான் தேய்மானம் குறுக்கிடுகிறது. மூன்று கருவிகளின் கோடுகள் மூன்று வேகத்தில் முதுமையடைகின்றன. உளிக்கோடும் ஆழமான திராவகக் கோடும் பல நூறு படிகள் தாங்கும். மெல்லிய திராவகக் கோடு முன்னதாகவே வெளுக்கும். பிசிறுதான் முதலில் போகும். ஆகவே பிந்திய படிகளில் இருள் இளகுகிறது. சாட்டிரைப் போர்த்தியிருந்த கறுப்பு விலகி, அதன் அடியில் கிடந்த குறுக்குக்கோடுகள் வலைபோல் வெளியே தெரிகின்றன. தெய்வம் பட்டப்பகலில் நிற்கத் தொடங்குகிறான். பார்வையின் அந்தத் தாமதம் காணாமல் போகிறது. இருவரும் ஒரே நேரத்தில் கண்ணில் படுகிறார்கள். சந்தையில் நூறு பேர் செய்த அதே காட்சிக்கு இது நெருங்கி வந்துவிடுகிறது.

ரெம்பிராண்டின் தகடுகள் அவர் இறந்த பிறகும் கைமாறிக்கொண்டே இருந்தன. சுமார் 300 தகடுகள் செய்தவர் அவர். ஏறத்தாழ 80 இன்றும் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிசில் சேகரிப்பாளர் வாட்லே, அவருக்குப் பின் அச்சுத்தாள் வணிகர் பசான் என்று கைமாறிய தகடுகள் பலவற்றில், தேய்ந்த இடங்களைப் பிறர் கை மீண்டும் கீறியிருக்கிறது. அந்தத் தாள்களையும் ரெம்பிராண்ட் என்றே விற்றார்கள். ஒரு தாள் எந்தக் கட்டத்தில் எடுக்கப்பட்டது என்று பார்க்காமல் அவருடைய வெளிச்சத்தைப் பற்றியும் நிழலைப் பற்றியும் எழுதுவது ஆபத்தானது. நம் கலை நூல்களிலும் பாடப்புத்தகங்களிலும் இந்தப் படங்கள் வரும்போது ஓவியர் பெயர், ஆண்டு, தலைப்பு மட்டும் போடுகிறார்கள். எந்த அருங்காட்சியகத்துப் படி, முந்தியதா பிந்தியதா என்ற ஒரு வரியைச் சேர்க்க எவ்வளவு இடம் வேண்டும்? எண்ணெய் ஓவியத்துக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். அச்சுத்தாளுக்கு அது உயிர்.

இதற்குப் பின் ரெம்பிராண்ட் புராணச் சாயலுள்ள ஒரு தகடுதான் செய்தார். ‘அம்பு ஏந்திய பெண்’, 1661. முதுகு காட்டிப் படுக்கையோரம் அமர்ந்திருக்கிறாள் ஒருத்தி, கையில் அம்பு. வீனஸ் என்று சிலர் சொல்கிறார்கள், மாடல் பிடித்துக்கொண்ட கோலைப் பிறகு அம்பாக்கிவிட்டார் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். பின்னால் திரையின் நிழலில் ஒரு சிறு முகம் இலேசாகத் தெரியும். அது வீனஸின் மகனான காதல் தெய்வம் க்யூபிட் ஆக இருக்கலாம். அந்த முகமும் ஆழ்ந்த நிழலுக்குள்தான் இருக்கிறது. நல்ல படியில் தேடினால்தான் கிடைக்கும். மங்கிய படியில் அது முகம் என்றே தெரியாமல் கோடுகளின் குழப்பமாக நின்றுவிடும். அதன்பின் 1665இல் ஒரு மருத்துவப் பேராசிரியரின் உருவத்தை, இறந்தவரின் ஓவியம் ஒன்றைப் பார்த்து, கேட்டதற்காகச் செய்து கொடுத்தார். 1669இல் அவர் இறக்கும் வரை வேறு தகடு எதிலும் தேதி இல்லை.